பெறுநர் அறியாமைச் சான்று

லிஃப்ட்காரருடைய மனைவி வேலை பார்த்த தட்டச்சு அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். மருத்துவர்களில் பாதிப் பேர் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். மீதிப் பேர் மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுவார்கள். இரண்டு வகையையும் புரிந்துகொள்ள அவளை விட்டால் ஆளில்லை என்று அலுவலக முதலாளியே சொல்வார். அந்த முதலாளிதான் ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு, அறையைக் காலி செய்யப்போவதாகவும், சொந்தமாக மடிக்கணினி வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம் என்றும், இல்லாதவர்களுக்குத் தன் வாழ்த்துகள் என்றும் சொன்னார்.

அவள் இதை வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "போனா போகட்டும். கொஞ்ச நாள் சும்மா இருக்கேன். கண்ணுக்கும் ஓய்வு வேணும்ல."

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தட்டைக் கழுவி வைத்தார். அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார், அவளிடம் சொல்லாமல் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிடுவது என்று.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பெயர் இருப்பது சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

முதலில் ஒரு பெரிய கடைக்குத்தான் போனார். சுவர் முழுக்க மடிக்கணினிகள் திறந்து கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே மலை, ஒரே ஏரி. விற்பனைப் பிரதிநிதி ஓடி வந்து, "கேமிங்குக்கா சார், எடிட்டிங்குக்கா?" என்று கேட்டான்.

"டாக்டருங்க மென்னுகிட்டே பேசுவாங்க. அதக் கேட்டு அடிக்கணும்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கேமிங்கே எடுத்துக்கோங்க சார்" என்றான்.

லிஃப்ட்காரர் குழம்பிப்போய் வெளியே வந்தார். மறுநாள் காலை இரண்டாம் நம்பர் லிஃப்டில் கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தானே பல மாதங்களுக்கு முன்னால் ஒட்டிய அறிவிப்பை முதல் தடவையாகப் படித்தார். 'கடைகளில் ஏமாறாதீர். நல்ல மதிப்புள்ள பொருளை நாங்கள் தேர்ந்தெடுத்துச் சலுகை விலையில் பெற்றுத் தருகிறோம். ஊழியர் நல்மதிப்புக் கொள்முதல் குழு, ஏழாவது மாடி.'

ஏழாவது மாடிக்குப் போவது அவருக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. போனார்.

குழுவில் மூன்று பேர். தலைவர், நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து மனுக்களைத் திருப்பி அனுப்பிப் பெயர் வாங்கியவர். செயலாளர் அம்மா, விதிப்புத்தகத்தைப் பார்க்காமலே பக்க எண்ணோடு ஒப்பிப்பவர். மூன்றாமவர் தொழில்நுட்ப உறுப்பினர். கட்டடத்தின் தீயணைப்பான்களைப் பராமரிப்பது அவர் வேலை. அவற்றில் வாயு குறைந்திருக்கிறதா என்று எடை போட்டுத்தான் பார்ப்பார்கள். அதனால் அவருக்கு எடைக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. எடை போட முடியாத எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"விலை வேற, மதிப்பு வேற" என்று தலைவர் தொடங்கினார். "விலைங்கிறது கடைக்காரன் சொல்றது. மதிப்புங்கிறது நாங்க சொல்றது. ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியல. நேரா கடைக்குப் போறான், பிடிச்சதை வாங்கறான், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறான். இப்படியே விட்டா என்ன ஆகும்?"

லிஃப்ட்காரர் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து தப்பான பொருள் ஒண்ணுகூட வாங்கினதில்ல."

"எத்தனை பொருள் சார் வாங்கியிருக்கீங்க?"

"அதான் சொன்னேனே, தப்பா ஒண்ணுகூட இல்ல" என்றார் தலைவர்.

செயலாளர் அம்மா விண்ணப்பத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். "இதுல பரிசுன்னு எழுதியிருக்கீங்க. தேவைன்னும் எழுதியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்."

"தேவைப்படறதத்தான மேடம் பரிசாக் கொடுக்கிறோம்?"

"பரிசு மகிழ்ச்சித் தலைப்புல வரும். அதுக்குச் சலுகை இல்ல. தேவை பயன்பாட்டுத் தலைப்புல வரும். அதுக்குச் சலுகை உண்டு, ஆனா வாங்கறவர் சந்தோஷப்படுவார்னு காரணம் காட்ட முடியாது. உங்க வீட்டம்மா சந்தோஷப்படுவாங்களா, மாட்டாங்களா?"

"படுவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"அதான் சிக்கலே" என்றார் அம்மா வருத்தத்தோடு.

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். முடிவில் 'பயனுள்ள மகிழ்ச்சி' என்று ஒரு புதுத் தலைப்பை உருவாக்கத் தீர்மானித்தார்கள். அதை மேலிடம் ஏற்க வேண்டும். மேலிடம் எட்டாவது மாடியில் இருந்தது. கோப்பு ஒரு மாடி ஏறி இறங்குவதற்குள் தட்டச்சு அலுவலகம் காலியாகி, அந்த அறையில் ஒரு பல் மருத்துவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

அவள் வீட்டோடு இருந்தாள். ஆனால் முதலாளிக்கு அவளை விட மனமில்லை. யாருக்கும் புரியாத மருத்துவர்களின் பதிவுகளை மட்டும் அவளுக்கு அனுப்பினார். அவற்றை அவள் கைபேசியிலேயே, இரண்டு கட்டைவிரலால், ஜன்னலோரம் உட்கார்ந்து அடித்தாள். இரவுச் சாப்பாட்டின்போது விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பாள். லிஃப்ட்காரர் பார்க்காதது மாதிரி இருந்துகொள்வார்.

பயனுள்ள மகிழ்ச்சி ஏற்கப்பட்டதும் தொழில்நுட்ப ஆய்வு நடந்தது. மூன்று கடைகளிலிருந்து மாதிரிக்கு ஒரு மடிக்கணினி வீதம் வரவழைத்தார்கள். எடைக்காரர் கேன்டீனிலிருந்து காய்கறி நிறுக்கும் தராசைத் தூக்கிவரச் சொன்னார்.

"ஆன் பண்ணிப் பார்க்க வேண்டாமா சார்?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆன் பண்ணினா எல்லாம் ஒரே மாதிரிதான் எரியும். அதுல ஏமாந்துடக் கூடாது" என்றார் எடைக்காரர். "விலையை எடையால வகுக்கணும். கிலோவுக்கு என்ன விழுதுன்னு பார்த்தா உண்மை தெரிஞ்சிடும்."

வகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் மிகப் பழையதும், மூடினால் கருங்கல் மாதிரி இருந்ததுமான ஒன்று பெரிய வித்தியாசத்தில் முதலிடம் பெற்றது. மிக மெல்லிசாக இருந்ததைப் பார்த்து எடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இதுல உள்ள ஒண்ணுமே இல்ல. காத்துக்குக் காசு கேக்கிறான்" என்றார்.

முதலிடம் பெற்றதைத் தராசிலிருந்து இறக்கும்போது அது கைநழுவிக் கீழே விழுந்தது. தரை ஓடு ஒன்று விரிசல் விட்டது. மடிக்கணினிக்கோ மூலை கொஞ்சம் நசுங்கிச் சொட்டை விழுந்ததோடு சரி. "பாத்தீங்களா மதிப்பை" என்றார் எடைக்காரர். ஆனால் சொட்டை விழுந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் குழு அதைத் தன் சொந்த உபயோகத்துக்கு என்று முழு விலைக்கு வாங்கி பீரோவில் வைத்தது. குழு தொடங்கிய நாளிலிருந்து வாங்கிய முதல் பொருள் அதுதான்.

"சார், எங்க வீட்ல மடியில வச்சுத்தான் வேலை செய்யணும். மேசை சின்னது. இவ்வளவு கனமா இருந்தா..." என்று லிஃப்ட்காரர் இழுத்தார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல பாயிண்ட். மடிக்கணினின்னு பேர்லயே மடி இருக்கு. ஆனா மடியைப் பத்தி விண்ணப்பத்துல ஒரு வார்த்தை இல்ல. இது எப்படி இத்தனை நாள் நம்ம கண்ணுல படாம போச்சு?"

இப்படியாகப் பெறுநர் உட்காரும் முறை பற்றிய நேரடி ஆய்வு அவசியமாயிற்று. அதில் இன்னொரு முடிச்சு இருந்ததைச் செயலாளர் அம்மா கண்டுபிடித்தார். ஆய்வுக்குப் பெறுநரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் பரிசு என்றால் பெறுநருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் பயனுள்ள மகிழ்ச்சியில் மகிழ்ச்சி போய் வெறும் பயன்தான் மிஞ்சும். மறுபடி தலைப்பை மாற்ற வேண்டிவரும்.

அம்மா ஒரு வாரம் விதிகளோடு மல்லுக்கட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். "தெரியாதுன்னு அவங்களே எழுதிக் கொடுத்துட்டா ரெண்டும் சரியாப் போச்சு."

ஒரு சனிக்கிழமை மாலை செயலாளர் அம்மாவும் எடைக்காரரும் லிஃப்ட்காரரின் வீட்டுக்கு வந்தார்கள். ரகசியம் காப்பதற்காக, நாற்காலிகளைப் பற்றிக் கணக்கெடுப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். எடைக்காரர் வீட்டிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் தூக்கிப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் அடித்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

"இல்ல, நீங்க உக்காருங்க. எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே" என்றார் அம்மா. உட்கார்ந்தாள். அம்மா பார்த்தார். எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்து."

காகிதத்தின் தலையில் 'பெறுநர் அறியாமைச் சான்று' என்று இருந்தது. அவள் நிதானமாகப் படித்தாள்.

'என் கணவர் எனக்கு மடிக்கணினி ஒன்றைப் பரிசாக அளிக்க விண்ணப்பித்திருப்பதோ, அது குழுவின் பரிசீலனையில் இருப்பதோ எனக்கு இந்நாள்வரை தெரியாது எனவும், இதைப் படித்த பிறகும் தெரியாது எனவும் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

அவள் தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டு இடத்துல எழுத்துப்பிழை இருக்கு. திருத்தலாமா?" என்று அம்மாவிடம் கேட்டாள். திருத்தினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் திருப்தியோடு விடைபெற்றுக்கொண்டார்கள். வாசல்வரை போன எடைக்காரர் திரும்பி வந்து, "நாற்காலி நல்ல கனம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் லிஃப்ட்காரர், "அது வந்து..." என்றார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க சொல்லிட்டா நான் பொய் சொன்னவ ஆயிடுவேன்."

"இல்ல, நான் என்ன நினைச்சேன்னா..."

"எத்தனை நாளா?"

"எது?"

"எனக்குத் தெரியாத விஷயம்தான்."

"நீ வேலை போகுதுன்னு சொன்ன அன்னிலேருந்து."

அவள் உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. கூடவே, பல நாள் கழித்து, அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது.

திருத்தப்பட்ட சான்று ஏழாவது மாடியில் ஒரு பரபரப்பை உண்டாக்கியது. குழுவின் காகிதம் ஒன்று பிழையில்லாமல் இருந்ததைத் தலைவர் அதுவரை பார்த்ததில்லை. தொடங்கிய நாளிலிருந்து கூட்டக் குறிப்புகள் கையெழுத்தில் மூட்டையாகக் கிடந்தன. அவற்றைத் தட்டச்சு செய்ய ஆள் தேர்வு செய்வதற்கே ஒரு துணைக்குழு போட்டு, அந்தத் துணைக்குழுவின் குறிப்புகளும் அந்த மூட்டையில் சேர்ந்திருந்தன. தலைவர் லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாவைத் தற்காலிகமா வரச் சொல்லுங்க. பக்கத்துக்கு இவ்வளவுன்னு கொடுத்துடலாம்" என்றார்.

கட்டைவிரலால் அடிப்பதைவிட அது மேல் என்று அவள் வந்தாள். பீரோவிலிருந்த சொட்டை மடிக்கணினியை எடுத்து அவள் முன் வைத்தார்கள். சாயங்காலம் ஆனதும் அதைத் திரும்ப பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் அம்மா தன் கைப்பையில் போட்டுக்கொள்வார். மருத்துவர்களின் பதிவுகள் வீட்டில் கைபேசியில் காத்திருந்தன. பகலில் குழு, மாலையில் கட்டைவிரல் என்று அவள் நாள் இரண்டாகப் பிரிந்தது.

ஒரு நாள் மதியம் லிஃப்ட்காரர் மொட்டைமாடியில் இயந்திர அறையில் கிரீஸ் கையோடு நின்றிருந்தார். அவள் படியேறி வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"நேர்ல கொடுத்துட்டு வரச் சொன்னாங்க."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். அவருடைய மனைவியின் பயன்பாட்டில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருப்பதைக் குழு நேரில் கண்டறிந்துள்ளதாம். ஆகவே தேவை எழவில்லையாம். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறதாம்.

"எந்த மடிக்கணினி?"

"பீரோவுல இருக்கிறதுதான்."

"இத யாரு அடிச்சது?"

"நான்தான். அதுலயேதான்."

"அடிக்கும்போது நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேன். சாயங்காலமானா பூட்டி வச்சிடறீங்களே, இது எப்படி என்னோடதாகும்னு கேட்டேன். பூட்டறது பாதுகாப்பு, அடிக்கிறது பயன்பாடு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னாரு தலைவர். நாலு பக்கம் சொன்னாரு. உங்களுக்குப் படிக்கக் கஷ்டமா இருக்கும்னு ஒரு பக்கமா சுருக்கிட்டேன்."

லிஃப்ட்காரருக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது. இப்போது வந்தது. கடிதத்தை மடிக்கத் தெரியாமல் மடித்தார். "நான் வாங்கித் தரணும்னுதான் ஆரம்பிச்சேன். நடுவுல எல்லாரும் புகுந்து... உனக்கு வேலைன்னு ஒண்ணு கிடைச்சதுதான் மிச்சம். அதாச்சும் இருக்கே."

"இது வேலையா?" என்றாள். பக்கத்தில் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். லிஃப்ட் கம்பி ஒரு தடவை ஓடி நின்றது. "காலைலேருந்து ஒண்ணுமே நடக்காததை அடிக்கிறேன். தலைவர் கருத்துத் தெரிவித்தார், உறுப்பினர் ஆமோதித்தார், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. டாக்டருங்க வேலை அப்படியில்ல. யாரோ ஒருத்தங்களுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சுன்னா வீட்டுக்காரங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனா அடிக்கும்போது அப்பாடான்னு இருக்கும்." கட்டைவிரலைத் தடவிக்கொண்டாள். "கண்ணுக்கு ஓய்வுன்னு அன்னிக்குச் சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றார் அவர்.

அன்று மாலை இருவரும் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கடைக்குப் போனார்கள். கல்லாவில் இருந்த பெண் யாருக்கோ கைபேசியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "எதுக்கு வேணும்க்கா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டாள். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாரும் மனைவியிடம் கேட்டதில்லை. டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு நாள்பூரா அடிக்க வேண்டும் என்று இவள் சொன்னாள்.

"அப்போ கீபோர்டு நல்லா இருக்கணும், சத்தம் தெளிவா இருக்கணும். மத்தது சுமாரா இருந்தாப் போதும். போன வருஷ மாடல் ஒண்ணு இருக்கு, விலையும் குறைவு. அடிச்சுப் பாருங்க."

அவள் நின்றபடியே ஒரு வரி அடித்தாள். நிறுத்தி, இன்னொரு வரி அடித்தாள். பத்து விரலும் ஒன்றாக ஓடுவதை லிஃப்ட்காரர் இதற்கு முன் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அடித்து முடித்து அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கடைப் பெண்ணிடம், "எடை எவ்வளவும்மா?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே வரும்வரை சிரித்தாள்.

"ரகசியமாத் தரணும்னு நினைச்சேன்" என்றார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"எனக்கென்ன தெரியும்" என்று அவள் முன்னால் நடந்தாள்.

அந்த வாரமே முதலாளி அவளுக்கு மருத்துவர்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழுவின் ஆண்டுக் கூட்டம் வரைக்கும் மட்டும் இருந்துவிட்டு நின்றுகொள்வதாக அவள் செயலாளர் அம்மாவிடம் சொன்னாள்.

ஆண்டுக் கூட்டம் மேல்மாடி அரங்கில் நடந்தது. தேநீரும் பிஸ்கட்டும் உண்டு என்பதால் அரங்கு நிரம்பியிருந்தது. லிஃப்ட்காரரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையோரம் அவருடைய மனைவி சொட்டை மடிக்கணினியோடு குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் பேசினார். "இந்த ஆண்டு குழுவுக்கு வந்த விண்ணப்பம் ஒண்ணு. முடிச்ச விண்ணப்பம் ஒண்ணு. நிலுவை எதுவும் இல்ல. இதோ, பயனாளி நம்ம முன்னால உக்காந்திருக்காரு. அவர் வீட்ல இன்னிக்கு ஒரு மடிக்கணினி இருக்கு. அதுக்குக் குழு எவ்வளவு செலவழிச்சுது? ஒண்ணுமே இல்ல. சலுகை எவ்வளவு கொடுத்தது? அதுவும் இல்ல. கிடைச்ச பயனைச் செலவால வகுத்தாத்தான் மதிப்பு. செலவு பூஜ்ஜியம்னா மதிப்பு என்ன? கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. முடிவே இல்லாத மதிப்பு. நாங்க குறுக்க நிக்கலேன்னா அவரு அவசரப்பட்டு அன்னிக்கே வாங்கியிருப்பாரு. இத்தனை மாசம் யோசிக்க அவகாசம் கொடுத்தது யாரு?"

அரங்கு கைதட்டியது. எடைக்காரர் எழுந்து நின்று தட்டினார்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "கைதட்டல்னு போடவா சார்?" என்றாள்.

"பலத்த கைதட்டல்னு போடும்மா" என்றார் தலைவர்.

கூட்டம் முடிந்து தேநீரும் ஆனதும் லிஃப்ட்காரர் கை கழுவப் போனார். பக்கத்துக் குழாயில் தலைவர் வந்து நின்றார். இருவரும் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தபடி கை கழுவினார்கள். தலைவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா, நீங்க எந்தக் கடையில வாங்கினீங்க?"

"எதுக்கு சார்?"

"என் வீட்ல ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கா. இந்த ஞாயித்துக்கிழமை எங்க கல்யாண நாள்."

லிஃப்ட்காரர் குழாயை மூடினார். "குழுவுல ஒரு விண்ணப்பம் போடலாமே சார்."

தலைவர் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்றது இந்த ஞாயித்துக்கிழமைப்பா" என்றார்.